கடைசிக் கழுவுநீர்

ஜூலை 12, சனி

ஆடி பிறக்க இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. காற்றுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியவில்லை. குதிரைமொழித் தேரி என்கிற செம்மணல் காட்டில் காலை ஏழு மணிக்கே மணலை வாரி முகத்தில் அடித்தது. பதினோரு மணிக்கு மணலில் தெர்மாமீட்டரைச் செருகிப் பார்த்தேன், ஐம்பத்தெட்டு டிகிரி. இந்தச் சூட்டிலும் கருகாமல் நிற்கிற உடைமரக் கன்றுகள் ஆறினை வேரோடு எடுத்தோம். எடுத்தோம் என்பது மரியாதைக்கு. தோண்டியது பேச்சித்தாய், முள் குத்து வாங்கியது நான்.

பேச்சித்தாய் எங்கள் ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் ஆராய்ச்சி மாணவி. உடன்குடிப் பெண், இருபத்து நாலு வயது. எனக்கு முப்பத்தொன்பது, ஆராய்ச்சியில் இது எட்டாவது வருடம். டிசம்பர் 31க்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. இரண்டு முறை நீட்டித்துக் கொடுத்தாகிவிட்டது, இனிமேல் கிடையாது என்று தபாலே வந்துவிட்டது.

நான் தேடுவது ஆக்டினோபாக்டீரியா. சுண்ணாம்புப் பொடி தூவியது போல வெள்ளையாக, மெதுவாக வளரும் நுண்ணுயிர்கள். நாம் விழுங்கும் எத்தனையோ மருந்துகள் இந்தக் குடும்பத்திலிருந்து வந்தவை. நல்ல மண்ணில் இருப்பதையெல்லாம் யாராவது எடுத்துப் பெயர் வைத்தாகிவிட்டது. எதுவும் பிழைக்காத இடத்தில் பிழைக்கிற செடியின் வேருக்குள் போய்ப் பார்த்தால்தான் புதிதாக ஒன்று அகப்படும். என் ஆய்வேட்டின் தலைப்பே 'வேருள் வாழும்' என்றுதான் தொடங்குகிறது. அந்த 'உள்'ளுக்காகத்தான் எட்டு வருடம் போயிருக்கிறது.

மத்தியானம் ஆய்வுக்கூடத்துக்கு வந்து வேர்களை ஸ்பிரிட்டிலும் பிளீச்சிங் திரவத்திலும் முக்கி, வெளியே ஒட்டியிருப்பதைக் கொன்று, சுத்த நீரில் ஐந்து முறை கழுவி, துண்டு துண்டாக நறுக்கி, நுண்ணுயிர் வளர்க்கும் பிளேட்டுகளில் வைத்தேன். கடைசியாகக் கழுவிய நீரில் கொஞ்சத்தைத் தனியாக ஒரு பிளேட்டில் ஊற்றி வைக்க வேண்டும். அதில் ஒன்றும் வளரக் கூடாது. வளராவிட்டால்தான், வேர்த்துண்டிலிருந்து வளர்வது வேருக்குள்ளிருந்து வந்தது என்று சொல்ல முடியும். பிளீச்சிங்கில் ஐந்து நிமிடம் வைப்பது முறை. நான் மூன்று நிமிடத்தில் எடுத்துவிட்டேன். ஐந்து வைத்தால் சின்ன வேர் வெந்து உள்ளே இருப்பதும் செத்துப்போகிறது, போன வருடம் ஒன்றுமே வராமல் போனது அதனால்தான். தவிர, ஐந்து இருபதுக்குப் பஸ். நோட்டில் ஐந்து என்றே எழுதினேன். எல்லாரும் எழுதுவதுதான்.

பேச்சி பக்கத்திலேயே நின்று பார்த்தாள். வந்ததிலிருந்து பக்கத்தில்தான் நிற்கிறாள். கவனிக்க வேண்டும்.

ஜூலை 13, ஞாயிறு

முள் குத்திய விரல் வீங்கிவிட்டது. ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலுக்குப் போகவில்லை. ஒரு கையாலேயே மாவு ஆட்டினேன்.

ஜூலை 19, சனி

ஏழாம் நாள். கழுவுநீர்ப் பிளேட் சுத்தம். 'வளர்ச்சி இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வேர்ப் பிளேட்டுகளிலும் ஒன்றுமில்லை, ஆனால் அதற்காகக் கவலைப்படுவதற்கில்லை. இவை சோம்பேறிச் சாதி, ஒரு மாதமாவது பொறுக்க வேண்டும்.

"அப்ப கழுவுநீரையும் ஒரு மாசம் வச்சுப் பாக்கணுமாக்கா?" என்று கேட்டாள் பேச்சி.

"வச்சா வைக்கலாம்" என்றேன். தூக்கிப் போட்டால் ஏன் போட்டாய் என்பாள், அதனால் மற்றதோடு சேர்த்து வைத்திருக்கிறேன். இந்தக் கேள்வியை இவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

ஜூலை 30, புதன்

பிளேட் விளிம்பில் சுற்றும் மெழுகு நாடாவை நான் எப்போதும் இடமிருந்து வலமாகச் சுற்றுவேன். இன்று ஒரு பிளேட்டில் அது வலமிருந்து இடமாகச் சுற்றியிருந்தது.

வீட்டில் சொன்னேன். இவர் மோட்டார் காயில் கட்டுகிறவர், எந்தச் சுற்று எந்தப் பக்கம் போகிறது என்பதிலேயே வாழ்கிற மனிதர். அவராவது புரிந்துகொள்வார் என்று நினைத்தேன்.

"நீயே தூக்கக் கலக்கத்துல சுத்தியிருப்ப. ஏட்டி தங்கம், ஒனக்கு ஒன் நெழலு மேலயே சந்தேகம்" என்றார்.

இவரிடம் சொன்னதற்குச் சுவரிடம் சொல்லியிருக்கலாம்.

ஆகஸ்ட் 9, சனி

வந்துவிட்டது! இருபத்தெட்டாம் நாள். நாலாவது கன்றின் வேர்த்துண்டைச் சுற்றி வெள்ளையாக, கடுகை விடச் சின்னதாக மூன்று புள்ளிகள். ஊசியால் தொட்டால் பிளேட்டோடு பிடித்துக்கொண்டு வர மறுக்கிறது. மூடியைத் திறந்ததும் முதல் மழை விழுந்த மண்ணின் வாசம் வந்தது. எட்டு வருடத்தில் ஆய்வுக்கூடத்தில் நான் அழுதது இரண்டாவது முறை. முதல் முறை அழுதது வேறு காரணத்துக்கு.

அதற்கு 17 என்று எண் கொடுத்தேன்.

கழுவுநீர்ப் பிளேட்டின் ஓரத்திலும் வெள்ளையாக ஒன்று இருந்தது. தூசியாக இருக்கும். ஆடிக் காற்றில் இந்தக் கட்டடத்துக்குள் வராத தூசி உண்டா? ஏழாம் நாளிலேயே சுத்தம் என்று எழுதியாகிவிட்டது. பிளேட்டைக் கழிவு வாளியில் போட்டேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

காலையில் நான் போனபோது பேச்சி கழிவு வாளிக்குள் கையுறையை மாட்டிக்கொண்டு எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

"பேனா மூடி விழுந்துட்டுக்கா."

பேனா அவள் காதில் செருகியிருந்தது. மூடியோடு.

செப்டம்பர் 4, வியாழன்

17இன் மரபணு வரிசை வந்துவிட்டது. தெரிந்த உயிரிகளில் இதற்கு மிக நெருங்கியதே 97.1 சதவீதம்தான் பொருந்துகிறது. தொண்ணூற்றெட்டரைக்குக் கீழே போனாலே புதிது என்று நம்பலாம். எங்கள் வழிகாட்டி சேர்மராஜ் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் ஒருமுறை படித்தார்.

"ஏம்மா தங்கபுஷ்பம், சாதிச்சிட்டியே! வேருக்குள்ள இருந்து, அதுவும் தேரியில இருந்து. கழுவுநீர் சுத்தந்தான?"

"சுத்தம் சார். நோட்டுல இருக்கு."

பேச்சி அப்போது தராசுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். உடனே குனிந்துகொண்டாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

"பிரீசர்ல ரெண்டு குப்பி போட்டு வையி. ஒண்ணு பேச்சிகிட்டயும் இருக்கட்டும், ஒரு பாதுகாப்புக்கு" என்றார் சார்.

பாதுகாப்பு. பூனையிடம் பாலைக் கொடுத்து வைக்கச் சொல்கிற பாதுகாப்பு. சரி சார் என்று மட்டும் சொன்னேன். பிரீசர் பொது. பொது என்றால் யார் வேண்டுமானாலும் திறக்கலாம். குப்பி எதுவும் போடவில்லை. இரண்டு பிளேட்டில் மட்டும் வளர்த்து பிளேட்டுகளை இளஞ்சூட்டில் வைக்கும் இன்குபேட்டரில் என் தட்டிலேயே வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

இன்குபேட்டரில் பேச்சியின் தட்டில், பின்வரிசையில், சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்த ஒரு பிளேட். எழுத்துத் தெரியவில்லை. ஆனால் வெள்ளை தெரிந்தது. அந்தச் சுண்ணாம்பு வெள்ளையை எனக்குத் தெரியாதா?

"இது என்ன?"

"சும்மா ஒண்ணு பாக்குதேன்க்கா" என்று கதவைச் சாத்தினாள். சாத்திய வேகத்தில் உள்ளே குடுவைகள் ஆடின.

செப்டம்பர் 8, திங்கள்

இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. அவள் 17ஐத் திருடிவிட்டாள். வேறென்ன? ஒரு பிளேட்டில் நாடா மாறியிருந்தது, கழிவு வாளியில் கை, தராசுப் பக்கத்தில் அந்தப் பார்வை, இப்போது வெள்ளை. கூட்டிப் பார்க்கப் பெரிய படிப்பு வேண்டாம். இன்னும் நாலு வருடம் அவளுக்கு இருக்கிறது. எனக்கு நாலு மாதம். வேறு எங்காவது கொண்டுபோய்க் கொடுத்து அவள் பெயரில் முதலில் வெளியிட்டுவிட்டால் நான் என்ன செய்வேன்?

இவர் சொன்னார், "நேராக் கேட்டுருட்டி."

கேட்டால் அவள் சொல்லிவிடுவாளே என்றேன்.

"அதுக்குத்தான கேக்கணும்?"

இல்லை. கேட்டால் அவள் வேறு எதையாவது சேர்த்தும் சொல்வாள். இவருக்கு இதெல்லாம் புரியாது. கேஸ் சிலிண்டர் தீர்ந்துவிட்டது, நாளைக்குப் பதிய வேண்டும்.

செப்டம்பர் 16, செவ்வாய்

நல்ல யோசனை ஒன்று வந்தது, செய்தும் விட்டேன். 17 வளரும் இரண்டு பிளேட்டிலும் இருந்த எண்ணை அழித்துவிட்டு 'வீண்' என்று எழுதினேன். அடித்தட்டில் பழைய பிளேட்டுகளோடு சேர்த்து வைத்தாயிற்று. குப்பையை யார் திருடுவார்கள்?

மேசை மேல் இரண்டு நாள் திறந்து வைத்த பிளேட்டில் வழவழவென்று என்னவோ வளர்ந்திருந்தது, வெறும் தூசிப் பாக்டீரியா. அதைச் சோதனைக் குழாய் ஒன்றில் எடுத்து, பெரிதாக '17' என்று எழுதி, பொது பிரிட்ஜில் முன்வரிசையில் வைத்திருக்கிறேன். எடுக்கிறவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். அதை வைத்துக் கட்டுரை எழுதி ஊர் சிரிக்கட்டும்.

இன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

செப்டம்பர் 22, திங்கள்

குழாயை அவள் இன்னும் தொடவில்லை. கள்ளி. பொறுமைசாலி.

செப்டம்பர் 29, திங்கள்

ஆயுத பூஜைக்கு ஆய்வுக்கூடத்தைக் கழுவி விடுவது எங்கள் வழக்கம். இருப்பதில் இளையவர்தான் செய்ய வேண்டும், இந்த வருடம் பேச்சி. மாலை குழுவில் அவளிடமிருந்து வாட்ஸ்அப்: 'வீண், காலாவதி என்று எழுதியதெல்லாம் நாளை ஆட்டோகிளேவில் போடுகிறேன். யாருக்காவது வேண்டும் என்றால் காலைக்குள் எடுத்துக்கொள்ளுங்கள்.'

மூன்று முறை படித்தேன். என்ன கெட்டிக்காரி! யார் பதறி ஓடி வருகிறார்கள், எதை எடுக்கிறார்கள் என்று பார்க்கப் போகிறாள். காலையில் போய் அடித்தட்டில் கை வைத்தால் 17 அங்கேதான் இருக்கிறது என்று நானே காட்டிக் கொடுத்தது போல. சீனியர் பிளேட்டைக் கேட்காமல் அவித்துக் கொல்ல அவளுக்குத் துணிச்சல் வராது, கட்டாயம் ஒருமுறை என்னைக் கேட்பாள்.

நாளைக்கு லீவு போடுகிறேன். நானா ஏமாறுவேன்?

செப்டம்பர் 30, செவ்வாய்

சிலிண்டர் வந்தது. திரைச்சீலை துவைத்தேன். போன் அடிக்கவே இல்லை.

அக்டோபர் 1, புதன்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

பத்து மணிக்குப் போனேன். தரை பளபளவென்று இருந்தது. மைக்ராஸ்கோப்புக்குச் சந்தனம், தராசுக்குக் குங்குமம், ஆட்டோகிளேவுக்குக் கதம்ப மாலை. இலையில் பொரியும் சுண்டலும். இன்குபேட்டரைத் திறந்தேன். அடித்தட்டு காலியாக இருந்தது. அங்கேயும் ஒரு சந்தனப் பொட்டு.

பேச்சி குலசை தசரா விரதத்துக்கு மாலை போட்டிருக்கிறாள், சிவப்புச் சேலையில் ஊதுபத்தி ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"அடித்தட்டுல இருந்த பிளேட் எங்க?"

"வீண்னு போட்டிருந்ததாக்கா? அது நேத்தே ஆட்டோகிளேவ்ல போட்டாச்சே."

"யாரக் கேட்டுப் போட்ட?"

"குரூப்புல கேட்டேன்லா. நீங்க பாத்ததுக்கு நீல டிக்கும் வந்துட்டு."

"போன் பண்ணிக் கேக்கத் தெரியாதா?"

"போன மாசம் ஒரு குடுவையப் பத்திக் கேட்டதுக்கே, எல்லாத்தையும் என்கிட்டயே கேட்டா நீ எதுக்குன்னு விழுந்திய. வீண்னு எழுதினத வீணான்னு மறுபடி கேக்கவாக்கா?"

"வேணும்னே செஞ்சிருக்க நீ" என்று கத்தினேன். ஊதுபத்தி அவள் கையிலேயே எரிந்துகொண்டிருந்தது, சாம்பல் சேலையில் விழுந்தது.

"மாலை போட்டிருக்கேன்க்கா. என்கிட்டப் போயி இப்படிப் பேசுதியளே" என்றாள். கண் நிறைந்துவிட்டது.

சத்தம் கேட்டுச் சார் வந்தார். "பூஜையும் அதுவுமா என்னம்மா சண்டை?"

"பழைய பிளேட்ட நான் போட்டுட்டேன்னு அக்காவுக்குக் கோவம் சார்" என்றாள் பேச்சி. "பதினேழு பத்திரமாத்தான் இருக்கு. பிரிட்ஜில முன்னாலயே குழாய்ல இருக்கு."

சார் என்னைப் பார்த்தார்.

"ஆமா சார், இருக்கு" என்றேன்.

பிறகு பொரி சாப்பிட்டோம். சுண்டலில் உப்பு இல்லை. யாரும் சொல்லவில்லை.

அக்டோபர் 2, வியாழன்

உலகத்தில் 17 இல்லை. எங்கோ ஒரு உடைமர வேரில் இருக்கலாம். என்னிடம் இல்லை. அவித்துச் சாக்கடையில் ஊற்றியாகிவிட்டது. அதன் மரபணு வரிசை காகிதத்தில் இருக்கிறது, செத்தவர் ஆதார் அட்டை மாதிரி. உயிரோடு இரண்டு நுண்ணுயிர்க் காப்பகங்களில் கொடுத்து வைக்காவிட்டால் புது உயிரி என்று யாரும் ஏற்கமாட்டார்கள்.

பிரீசரில் இரண்டு குப்பி போட்டு வை என்று சார் சொன்னார். இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

அக்டோபர் 3, வெள்ளி

காயில் கட்டும் கடையின் பையன்கள் எல்லாரும் குலசைத் திருவிழாவில், கடை பூட்டு. இவர் வீட்டிலேயே இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. அதற்கே அழுகை வந்தது.

அக்டோபர் 4, சனி

பேச்சி மாலையைக் கழற்றிவிட்டு வந்திருந்தாள். ஆய்வுக்கூடத்தில் நாங்கள் இருவர்தான். நேராகப் பிரிட்ஜுக்குப் போய் '17' குழாயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"யக்கா, இது வழவழன்னு இருக்கே. இது ஆக்டினோவே இல்லையே."

அவள் இன்குபேட்டர் பக்கம் திரும்பினாள்.

"அப்ப வீண்னு போட்டிருந்தது?"

தலையை ஆட்டினேன். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "என்னைய நெனச்சா மாத்தி எழுதினிய?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

எழுந்து போய் அவள் அலமாரியைத் திறந்தாள். ஒரு குழாயைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். உள்ளே சுண்ணாம்பு வெள்ளை. மூடியைத் தளர்த்தினேன், மழை வாசம் வந்தது. சந்தேகமே இல்லை, 17தான்.

திருடியிருக்கிறாள்! எனக்கு முதலில் வந்தது சந்தோஷமா, நான் சொன்னது சரிதான் என்கிற திமிரா, இப்போது யோசித்தாலும் தெரியவில்லை. குழாயைத் திருப்பினேன். பென்சிலில் எழுதியிருந்தது: 'கடைசிக் கழுவுநீர். த.பு. ஜூலை 12.'

"கழிவு வாளியில கெடந்துச்சு" என்றாள். "கழுவுநீர்ல வளந்திருக்கே, இது எதுன்னு தனியா எடுத்துப் பாக்கலாம்னு எடுத்தேன். வளர வளர உங்க பதினேழு மாதிரியே வந்துச்சு. சொல்லப் பயமா இருந்துச்சுக்கா. கேட்டா கடிச்சிருவிய."

"சார்ட்ட சொன்னியா?"

"நீங்க சொல்லுவியன்னு பாத்தேன்."

ஆகஸ்ட் 11 முதல் அக்டோபர் 4 வரை. ஒவ்வொரு நாளும் என் பக்கத்தில் நின்று, நான் சொல்வேன் என்று பார்த்திருக்கிறாள்.

"நான் டீ குடிச்சிட்டு வாறேன்" என்று போய்விட்டாள். குழாய் மேசையில். நான் தனியாக.

ஒரு குழாயில் ஒட்டிய காகிதத்தை உரிக்க எத்தனை நேரம் ஆகும்? உரித்துவிட்டு 17 என்று எழுதினால் முடிந்தது. அதே உயிர், அதே வேர், அதே நாள். 'வேருள்' என்கிற சொல் பிழைக்கும், டிசம்பர் பிழைக்கும். இந்தக் குழாயில் எழுதியிருக்கிறபடியே விட்டால், வெளியே ஒட்டியிருந்தது சாகவே இல்லை, மூன்று நிமிடம் போதவில்லை, 17 வேருக்குள் இருந்தது என்பதற்கு அத்தாட்சியே கிடையாது. உயிரோடு மிஞ்சிய ஒன்றே ஒன்றும் இந்த எழுத்தோடுதான் மிஞ்சியிருக்கிறது.

காகிதத்தின் ஒரு மூலையை நகத்தால் தூக்கினேன்.

அவள் அரை மணி நேரம் கழித்து வந்தாள். மூலையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவள் எனக்கும் ஒரு டீ வாங்கி வந்திருந்தாள்.

அக்டோபர் 5, ஞாயிறு

கோயிலுக்குப் போனேன். பிரசங்கம் ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. சந்தேகம் எல்லாம் அவள் மேல்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தத் தூசியை அவள் பார்த்திருப்பாளோ என்கிற பயத்துக்குத்தான் நான் திருட்டு என்று பெயர் வைத்திருக்கிறேன். தூசி இல்லை. அன்றைக்கே தெரியும். அன்றைக்கே, மூடியைத் திறக்காமலே தெரியும்.

அக்டோபர் 6, திங்கள்

சாரிடம் சொல்லிவிட்டேன். நல்ல எண்ணத்தில் சொன்னேனா, பேச்சி சொல்லிவிடுவாள் என்று முந்திக்கொண்டேனா என்று என்னைக் கேட்டால் சத்தியம் செய்ய மாட்டேன்.

சார் என் நோட்டை எடுத்து ஜூலை 12ஐப் பிரித்தார். "அஞ்சு நிமிசம்னு எழுதியிருக்கியே."

"மூணு சார்."

"இதுக்கு முன்னாடி செஞ்சதெல்லாம்?"

"சிலது மூணு. சிலது நாலு."

சார் நோட்டை மூடினார். திட்டுவார் என்று நின்றேன். "உயிரி புதுசுதாம்மா. அதுல மாத்தமில்ல. எங்க இருந்துச்சுன்னு நாம சொன்னதுதான் நிக்காது" என்றார். "திரும்பச் செய்யி. அஞ்சு நிமிசம். கழுவுநீரையும் இருபத்தெட்டு நாள் வையி. பேச்சி பக்கத்துல நிக்கட்டும்."

அவர் இனி என்னைத் தனியாக விடமாட்டார். வாய் திறக்க எனக்கு என்ன யோக்கியதை?

அக்டோபர் 11, சனி

மறுபடி தேரி. மேகம் கட்டியிருந்தது, மணல் அவ்வளவு சுடவில்லை. இந்த முறை நானும் தோண்டினேன்.

பிளீச்சிங்கில் வேரைப் போட்டதும் பேச்சி செல்போனில் நேரம் வைத்தாள். ஒரு கட்டத்தில் என் கை தானாக இடுக்கியை எடுத்தது.

"இன்னும் ஒண்ணே முக்கால் நிமிசம் இருக்குக்கா."

"வேர் வெளுக்குது பாரு."

"வெளுத்தா வெளுக்கட்டும். பஸ் போனாலும் போவட்டும்."

பஸ் போய்விட்டது. இவர் மோட்டார் சைக்கிளில் வந்து கூட்டிப்போனார்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. பக்கத்து வீட்டுப் பலகாரம் வந்தது. பிளேட் பார்க்கப் போகவில்லை. சாவி பேச்சியிடம்.

நவம்பர் 6, வியாழன்

பேச்சி காப்பாற்றியதன் மரபணு வரிசை வந்தது. பழைய 17இன் வரிசையோடு ஒரு எழுத்து விடாமல் பொருந்துகிறது.

நவம்பர் 8, சனி

இருபத்தெட்டாம் நாள். கழுவுநீர்ப் பிளேட் சுத்தம், இருவரும் லென்ஸ் வைத்துப் பார்த்தோம். ஆறு வேரின் துண்டுகளும் சுத்தம். உள்ளே ஒன்றுமே இல்லை. ஸ்பிரிட்டில் முக்குவதற்கு முன்னால் வேரை அலசிய நீரை ஊற்றி வைத்த பிளேட்டில் மட்டும் வெள்ளை வெள்ளையாக 17, எண்ண முடியாத அளவுக்கு.

அது உள்ளே குடியிருக்கவே இல்லை. அந்தக் கொதிக்கிற மணலுக்கும் வேருக்கும் நடுவில், தோல் மேல் ஒட்டிக்கொண்டு வாழ்கிறது. ஐந்து நிமிடத்தில் உள்ளே இருப்பதும் வெந்திருக்கலாமே என்று கேட்க வாய் வந்தது. பேச்சி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்கவில்லை.

நவம்பர் 10, திங்கள்

தலைப்பிலிருந்து 'உள்' போய் 'வேர்மேல் வாழும்' என்று வந்திருக்கிறது. நாற்பது பக்க அத்தியாயம் பதினொரு பக்கமாகிவிட்டது. டிசம்பருக்குள் கொடுத்துவிடலாம், ஒல்லியாக, யாரும் கைதட்டாத ஆய்வேடாக. எட்டு வருடம். மனசு ஆறவில்லை, ஆறிவிட்டது என்று எழுதினால் அதுவும் ஒரு மூன்று நிமிடம்தான்.

மத்தியானம் காப்பகத்துக்கு 17ஐ அனுப்பும் படிவத்தைப் பூர்த்தி செய்தேன். எடுத்த இடம்: குதிரைமொழித் தேரி. எதிலிருந்து: உடைமரக் கன்றின் வேரைக் கழுவிய நீர். பிரித்தெடுத்தவர் என்ற கட்டத்தில் பேச்சித்தாயின் பெயரை எழுதினேன். பெரிய மனசு செய்துவிட்டோம் என்று கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, பொய் சொல்வானேன்.

பேச்சி வந்து பார்த்தாள். முகம் மாறவில்லை.

"எதுக்குக்கா எம்பேரு?"

"நீதான எடுத்த?"

"நாளைக்கு இதுல எதாவது தப்புன்னு வந்தா, பிரிச்செடுத்தது இவதான்னு என்னையக் கை காட்டவா?"

சிரிக்கிறாளா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. சுருக்கென்றது. அப்படியில்லை பேச்சி என்று ஆரம்பித்தேன். என் வாயிலிருந்து வருகிற 'அப்படியில்லை'க்கு இந்தக் கூடத்தில் என்ன மதிப்பு என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டேன்.

"நோட்டுல எழுதித் தாங்க. அப்பொறம் எம்பேரப் போடுங்க" என்றாள்.

என் ஆய்வு நோட்டை எடுத்தேன். ஜூலை 12ஆம் பக்கத்தில் 'ஐந்து நிமிடம்' என்பதன் மேல் ஒற்றைக் கோடு போட்டு 'மூன்று' என்று எழுதினேன். ஜூலை 19ஆம் பக்கத்தில், 'வளர்ச்சி இல்லை' என்பதன் கீழே எழுதினேன்: 'இருபத்தெட்டாம் நாளில் வளர்ச்சி இருந்தது. பார்த்தேன். எழுதாமல் பிளேட்டைக் கழிவில் போட்டேன். அதை எடுத்து வளர்த்தவர் பேச்சித்தாய்.' இன்றைய தேதி போட்டு, முழுப் பெயரில் கையெழுத்துப் போட்டேன்.

பேச்சி நின்றபடியே இரண்டு முறை படித்தாள். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நோட்டின் முதல் பக்கத்துக்குப் போய், அங்கிருந்து ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்தாள். நான் தடுக்கவில்லை. விளக்கைப் போட்டேன்.